நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு நம்பர்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு விலை சொல்ல என்ன கூச்சம்? காலையிலிருந்து கடை சாத்தும்வரை அவன் செய்வதே அதுதான். இந்த ஃபிரேம் இவ்வளவு, அந்த லென்ஸ் அவ்வளவு, கீறல் விழாத பூச்சு வேண்டுமென்றால் அதற்குத் தனி. எதிரில் நிற்பவர் முகம் சுளித்தாலும் இவன் முகம் மாறாது. ஆனால் அவன் எடுக்கிற போட்டோவுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேமரா வாங்கிய நாளிலிருந்து கடையில் அவனுக்கு ஃபோகஸ் என்று பெயர். கூட வேலை செய்கிறவர்கள் கேலிக்கு வைத்தார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாள், யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெறும் விருந்து, பள்ளி ஆண்டு விழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கே போனாலும் ஒரே வசனம்: "நம்ம ஆளுங்கதானே, பாத்துக் குடுங்க."

அவர்களும் பார்த்தார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். ஒருவர் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார், அதோடு சரி. இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கலக்கிட்டீங்க தம்பி" என்றார். குலுக்கிய கையில் ஒன்றும் இல்லை.

அவன் மனைவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். கேமராவுக்கு மாதத் தவணை அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

"தவணை கட்டறது நான். ஊருக்கெல்லாம் தர்மம் பண்றது நீங்க. ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

"தெரிஞ்சவங்கம்மா. எப்படி வாய்விட்டுக் கேக்கறது?"

"என் கவுன்டருக்கும்தான் தெரிஞ்சவங்க வர்றாங்க. சோப்பைச் சும்மாவா தூக்கிக் குடுக்கறேன்? முன்னாடியே கேளுங்க. கேட்டுட்டு அப்புறமா போய் எடுங்க. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். அதை மட்டும் அவன் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேக்கரிக்காரர் கடைக்கு வந்தது தன் அப்பாவுக்குக் கண்ணாடி வாங்க. பெரியவருக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. புதுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பேக்கரிக்காரர் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்க போட்டோ எடுப்பீங்களாமே? அப்பாவுக்கு எழுபத்தஞ்சு முடியுது. கடை மாடியிலயே ஒரு சின்ன விருந்து. எவ்வளவு ஆகும்?"

"நம்மளுக்குள்ள என்னண்ணே. பாத்துக் குடுங்க."

"அது சரியா வராது தம்பி. நான் பன்னு விக்கறவன். பாத்துக் குடுங்கன்னு சொல்லி ஒரு பன்னுகூட வித்ததில்ல. ஒரு தொகை சொல்லுங்க."

பாருங்கள், மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. ஃபோகஸ் சிரித்தான், காதைச் சொறிந்தான், கவுன்டரில் இருந்த துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தான். "முதல்ல விருந்து நல்லபடியா முடியட்டும்ணே" என்றான்.

விருந்து நல்லபடியாகத்தான் முடிந்தது. பெரியவர் மட்டும் முரண்டு பிடித்தார். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதைத் தூக்கிவிடுவதிலேயே அவர் கவனம். ஃபோகஸ் கேமராவை வைத்துவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றி, காதுப்பக்கக் கொக்கியைச் சூடான தேநீர்க் கோப்பையில் ஒட்டி வைத்து, இளகியதும் விரலால் லேசாக வளைத்து, மறுபடி மாட்டிவிட்டான்.

பெரியவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை. நிமிர்ந்தார். எதிரே அவர் மகன், இத்தனை பெரிய பேக்கரியின் முதலாளி, மூக்கின்மேல் கேக் க்ரீமோடு நின்றுகொண்டு விருந்தினர்களை அதிகாரமாக உபசரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் ஃபோகஸ் மறுபடி கையில் எடுத்திருந்த கேமராவில் அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் ஈரமான கண்கள், மேல்வரிசையில் இல்லாத ஒரு பல். அவன் அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அது அவனுக்கே தெரிந்தது.

"எங்க, காட்டு காட்டு," என்றார் பெரியவர்.

கேமராவின் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "பெரிசாப் போட்டுக் குடுப்பா. வீட்ல வெச்சுப் பாக்கறேன்" என்றார்.

கிளம்பும்போது பேக்கரிக்காரர் ஒரு கவரைச் சட்டைப் பையில் திணித்தார். "எதுக்குண்ணே இதெல்லாம்" என்று ஃபோகஸ் சம்பிரதாயத்துக்கு நெளிந்தான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், கடையில் அவனுடைய இரண்டு நாள் சம்பளம். மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, "மோசமில்ல. மனுஷர் நியாயமாத்தான் குடுத்திருக்காரு" என்றாள்.

அவனுக்கும் அப்படித்தான் பட்டது. போன் குழுவில் அதைப் பெருமையாகச் சொல்லும்வரை.

அது போட்டோ எடுக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற குழு. அதில் தலைவர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். யாரும் நேரில் பார்த்ததில்லை. குரல்பதிவில்தான் பேசுவார். "ஒரு நாள் முழுக்க எடுத்துட்டு இதையா வாங்கிட்டு வந்தே?" என்று அவர் சிரித்த சிரிப்பு ஃபோகஸின் காதில் சுருக்கென்று ஏறியது. "உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா தொழிலே நாறுது. மணிக்கு இவ்வளவு, திருத்தறதுக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு. போட்டு அனுப்பு பில்லை."

முன்னூறு பேர் இருக்கிற குழுவில் மூக்கறுபட்டாயிற்று. கூச்சம் புளித்துப்போனால் வீம்பாகிவிடும். நேரே கேட்டபோது ஒரு தொகை சொல்ல வாய் வராதவன், இப்போது போனில் விரலால் தட்டி, வாங்கியதைப்போல் மூன்று மடங்குக்கு ஒரு பில் அனுப்பினான். அடியில் 'ஃபோகஸ் ஸ்டூடியோ' என்று போட்டுக்கொண்டான். ஸ்டூடியோ என்பது படுக்கையறை மூலையில், துணி மடித்து வைக்கிற மேஜை.

பேக்கரிக்காரர் உடனே கூப்பிட்டார். கோபப்படவில்லை. குழம்பியிருந்தார்.

"தம்பி, இதை முன்னாடியே சொல்லியிருந்தா சரின்னிருப்பேன், இல்ல முடியாதுன்னிருப்பேன். எல்லாம் முடிஞ்சப்புறம் இப்படி வந்தா நான் என்ன பண்றது?"

"இதுதாண்ணே மார்க்கெட் ரேட்," என்றான் ஃபோகஸ். தலைவர் சொல்லிக்கொடுத்த வசனம். சொல்லும்போது குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"சரி. மாசக் கடைசில பாக்கறேன்."

படத்தை அனுப்பலாமா என்று குழுவில் கேட்டான். "பணம் கைக்கு வர்ற வரைக்கும் படம் கையை விட்டுப் போகக் கூடாது" என்றார் தலைவர். "மாதிரி மட்டும் அனுப்பு. பேரும் நம்பரும் மூலைல போட்டா வெட்டி எடுத்துடுவாங்க. நெஞ்சுக்குக் குறுக்கால, மூஞ்சியைத் தொடற மாதிரி பெரிசாப் போடு." ஃபோகஸ் அப்படியே போட்டான். முதலில் போட்டது சின்னதாகத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். வெள்ளை எழுத்தில் ஸ்டூடியோ பெயரும் அவனுடைய போன் நம்பரும் பெரியவரின் நெஞ்சில் ஆரம்பித்து, வலது கண்ணாடியைத் தாண்டி நெற்றிவரை சாய்வாக ஏறின.

அந்த வாரக் கடைசியில் பேக்கரிக்காரரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. கடையின் பின்னறையில் தேநீர் குடித்தபடி ஃபோகஸ் அதைக் கேட்டான்.

"தம்பி, கணக்கு கிடக்கட்டும், அதை அப்புறம் பேசிக்கலாம். அப்பா அந்தப் படத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க அனுப்பினதைக் காட்டினேன். எழுத்துதான்டா தெரியுது, என் மூஞ்சி எங்கடாங்கறாரு. உங்களுக்குத்தான் தெரியுமே, அவரு கண்ணு அப்படி. அது ஒண்ணை மட்டும் எழுத்தில்லாம அனுப்பிடுங்க. அப்பா பாக்கட்டும்."

இரண்டாவது தடவையும் கேட்டான். அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். ஆனால் அதைக் குழுவில் சொன்னபோது தலைவர், "அப்பா, தாத்தான்னு செண்டிமெண்டைத்தான் எடுத்து விடுவாங்க. இளகினே, செத்தே" என்றார். பத்துப் பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் இளிச்சவாயனாக நிற்க ஃபோகஸுக்கு மனம் வரவில்லை. "பாக்கி வந்ததும் எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பறேன்ணே" என்று எழுதி, கும்பிடுகிற இரண்டு கைகளையும் பக்கத்தில் போட்டு அனுப்பினான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காத்திருந்த ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் காட்டப் போனான். மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு பேக்கரிக்காரரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வீம்புக்கு வீம்பு என்று இவன் எடுத்துக்கொண்டான்.

மாதக் கடைசிக்குள்ளேயே ஒரு காலை, கடை திறந்த கையோடு, தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஒரு பெண்ணின் அழுகை.

"ஐயோ தம்பி, அண்ணன் போயிட்டாராமே! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ராங் நம்பர்ங்க," என்று வைத்துவிட்டான்.

வைத்த கையோடு அடுத்தது. கனத்த ஆண்குரல். "அடக்கம் எத்தனை மணிக்குங்க?" அதற்கும் ராங் நம்பர். மூன்றாவதாக வந்தவர் விடுகிற மாதிரி இல்லை. "என்னங்க ராங் நம்பர்? படத்துல இந்த நம்பர்தானே பெரிசாப் போட்டிருக்கு? இருங்க, அனுப்பறேன், நீங்களே பாருங்க."

படம் வந்தது. கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் செய்தி. நடுவில் பெரியவர் சிரிக்கிறார். அடியில் பொடி எழுத்தில் வீட்டு முகவரியும் அடக்க நேரமும். அவற்றையெல்லாம்விடப் பெரிதாக, நெஞ்சிலிருந்து நெற்றிவரை, ஃபோகஸ் ஸ்டூடியோ, அவன் நம்பர்.

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை ராங் நம்பர் என்று சொல்ல வாய் வரவில்லை. "சாயங்காலம் நாலு மணிக்குங்க. பேக்கரிக்குப் பின்னாடியே வீடு," என்றான். கேட்டவர், "மனசைத் தேத்திக்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவனுக்கு ஆறுதல்! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

கண்ணாடிக் கடை முதலாளியம்மா அவன் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். "போயிட்டு வா" என்றார்.

படம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. மனைவிக்கு அன்று மதியத்துக்குமேல்தான் வேலை. அவன் வந்த வேகத்தையும் முகத்தையும் பார்த்துப் பயந்துவிட்டாள். அவன் விஷயத்தைச் சொல்லி, இரங்கல் செய்தியைக் காட்டினான். அவள் போனை வாங்கி, பேக்கரிக்காரரின் குரல்பதிவைத் தேடி எடுத்தாள். போட்டுக் கேட்டாள். அதற்குக் கீழே இருந்த கும்பிடுகிற கைகளையும் பார்த்தாள்.

"பெரியவர் கேட்டாரா? கேட்டும் குடுக்கலையா?"

"அந்தக் குழுவுல…"

"குழுவை விடுங்க. நான்தான் காசு கேளுங்கன்னு சொன்னேன். பேக்கரிக்காரரே எவ்வளவுன்னு வாய்விட்டுக் கேட்டாரே, அப்பக் கேக்கச் சொன்னேன். அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, ஒரு வயசானவர் தன் மூஞ்சியைப் பாக்கணும்னு கேட்டப்பவா உங்களுக்கு ரேட் ஞாபகம் வந்துச்சு?" போனை அவன் கையில் திணித்தாள். "எனக்கே வெக்கமா இருக்கு."

அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட அவளுக்கு முன்னால் அவமானமாக இருந்தது. எழுத்தில்லாத படத்தை எடுத்துப் பேக்கரிக்காரருக்கு அனுப்பினான். அங்கே யார் போனைப் பார்ப்பார்கள்? பிரிண்ட் கடைக்கு ஓடினான். எந்த அளவு என்று கேட்டார்கள். "இருக்கறதுலயே பெரிசு" என்றான். எவ்வளவு என்று கேட்காமல் ஃபிரேமும் போடச் சொன்னான். காத்திருந்த நேரம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தான். எல்லோருக்கும் நேரம் சொன்னான், வழி சொன்னான்.

பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பின்னால் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னறையில் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் அந்தப் படம், சாதாரணக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டியது. வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதன்முன் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். தலைகுனிந்த ஒருவர் நிமிர்ந்து, பக்கத்திலிருந்தவரிடம், "யாரோ ஸ்டூடியோக்காரன் இதுலயும் விளம்பரம் போட்டிருக்கான் பாருங்க" என்று கிசுகிசுத்தார். ஃபிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த ஸ்டூடியோக்காரன் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தான்.

பேக்கரிக்காரர் எழுந்து வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான் தம்பி," என்றார். அவரே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி சொன்னார். "மத்ததெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதுல அவரு மாதிரியே இல்ல."

ஃபோகஸ் ஃபிரேமை நீட்டினான். அவர் வாங்கி, மேலே சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேஜையில் இருந்ததை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, இதை வைத்தார். அறையில் யாரோ ஒரு பெண் பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, அந்த பாக்கி எனக்கு வேணாம்ணே. தப்புப் பண்ணிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க." பேக்கரிக்காரர் உள்ளே போய்விட்டு வந்தார். கையில் பணம். "எங்கப்பா யாருக்கும் ஒண்ணும் பாக்கி வெச்சதில்ல. இன்னைக்கு அவரு படத்துக்குப் பாக்கின்னு இருக்கக் கூடாது. நீங்க போட்ட பில்லுல மீதி முழுசா இருக்கு. எண்ணிக்கங்க."

"வேணாம்ணே."

"வாங்கிக்கங்க தம்பி. எல்லாரும் பாக்கறாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாவு வீட்டில் ஒருவன் பணம் வாங்குவதை இத்தனை பேர் பார்த்தார்கள். மறுத்து நின்று அங்கே ஒரு காட்சி நடத்த அவனுக்குத் தைரியமில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். மார்க்கெட் ரேட், ஒரு காசு குறையாமல்.

உட்காரச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. போன் அடிக்க, அதைச் சாக்காக வைத்து வாசலுக்கு வந்தான். வெளியூரில் இருக்கிற ஒரு வயதானவர் பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒரே அடுப்புல ரொட்டி சுட்டவங்க. எப்ப அடக்கம்?"

"நாலு மணிக்குங்க."

"என்னால வர முடியாது. காலு சரியில்ல. நீங்க யாரு, பேரனா?"

"இல்லீங்க. போட்டோ எடுத்தவன்."

"ஓ, நீங்கதானா அது! எழுத்து கொஞ்சம் மறைக்குது, பரவால்ல. இப்படி அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்பவும் உம்முன்னுதான் இருப்பான். எப்படிச் சிரிக்க வெச்சீங்க?"

ஃபோகஸ் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பானே. அவன் பாத்தானா இதை?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, கேட்கிற கிழவருக்கும் மனம் ஆறும். அவன் வாயைத் திறந்தான். பையில் இருந்த பணம் தொடையில் உறுத்தியது.

"இல்லீங்க," என்றான். "கேட்டாரு. நான்தான் குடுக்கல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கிழவர், "எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்றார்.

மறுபடியும் நேரத்தைச் சொன்னான். அவர் சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.